தனி வகுப்புக்குப் போகும் துளைக்கருவி மாணவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

இசைக் கல்லூரியில் நாகசுரம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரம் ஒரு நாள் வெளியே ஒரு வித்வானிடம் தனியாகக் கற்கிறேன். போகும்போதெல்லாம் ஒரு கீர்த்தனை சொல்லித் தருகிறார். உருப்படிகளின் எண்ணிக்கை கூடுகிறதே தவிர வாசிப்பு மாறவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?
– மாணவர், திருவையாறு

கீர்த்தனை கல்லூரியிலேயே கிடைக்கும். கல்லூரியில் கிடைக்காதது ஒன்றுதான்: உங்கள் ஊதலை மட்டும் ஒருவர் உட்கார்ந்து கேட்பது. எட்டுப் பேர் சேர்ந்து ஊதும் வகுப்பில் யாருடைய காந்தாரம் தாழ்கிறது என்று ஆசிரியருக்கே பிடிபடாது. காசு கொடுத்துப் போகும் இடத்தில் அதைக் கேட்டு வாங்காமல் இன்னொரு உருப்படியை வாங்கி வருவது வீண்.

முதல் 10 நிமிடம் கார்வைக்கு. மந்தர பஞ்சமம், ஸட்ஜம், மத்திய பஞ்சமம், தார ஸட்ஜம் நான்கையும் சுருதியோடு 12 முதல் 15 விநாடி வரை அசைக்காமல் பிடியுங்கள். குரு மூன்று இடங்களைக் கவனிப்பார்: எடுக்கும்போது ஸ்வரம் கீழிருந்து வழுக்கி ஏறுகிறதா, நடுவில் வீங்குகிறதா, முடிக்கும்போது இறங்குகிறதா. பெரும்பாலோர்க்கு மூன்றாவதுதான் குறை. மூச்சு தீருமுன் வயிறு தளர்ந்துவிடுகிறது. அதை உதட்டை இறுக்கிச் சமாளிக்கிறார்கள், சத்தம் ஒடுங்கிப்போகிறது. காற்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே ஸ்வரத்தை முடித்துப் பழகுவதுதான் வழி.

அடுத்த 10 நிமிடம், ஒரு அட தாள வர்ணத்தின் பூர்வாங்கம் (முன்பாதி) மட்டும். ஒருமுறை முழுக்கத் துத்துகாரம் (ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் வெட்டி ஊதுவது), ஒருமுறை முழுக்க அகாரம் (நாக்கு படாமல் ஒரே காற்றில் ஊதுவது). துத்துகாரத்தில் சுத்தமாக விழும் பிடி (சிறு ஸ்வரக் கோவை) அகாரத்தில் குழைந்துபோனால், விரல்கள் ஒன்றாக இறங்கவில்லை என்று அர்த்தம். இதுவரை நாக்கு அதை மறைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

பாதி நேரத்தை ஒரே ராகத்துக்கு ஒதுக்குங்கள். அந்த ராகம் வாரத்துக்கு வாரம் மாறக் கூடாது, ஒரு மாதமாவது நிற்க வேண்டும். குரு ஒரு பிடி ஊதுவார். நீங்கள் அப்படியே ஊதுங்கள். அதில் அவர் ஒரு ஸ்வரத்தை மாற்றுவார், அதையும் ஊதுங்கள். பிறகு அதே பிடியை நீங்கள் மாற்றி ஊதுங்கள், அவர் சரி, தப்பு சொல்லட்டும். தோடியை எடுத்தால் காந்தாரமே ஒரு வாரத்தை விழுங்கும். விரலை மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டால் 'ரி-ம-ரி-ம' என்று துண்டு துண்டாகக் கேட்கும். விரல் துளையை விட்டு வழுக்கி விலக வேண்டும், காற்றின் அழுத்தமும், சீவாளியை (ஊதும் முனையிலுள்ள நாணல் இதழை) உதடு கவ்வும் இறுக்கமும் கூடவே அசைய வேண்டும். நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடிப் பதிவிலிருந்து 3 நிமிடம் எடுத்து, அதிலுள்ள பிடிகளை ஸ்வரமாக எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். எழுத முடியாத இடம் எதுவோ அதுதான் அன்றைய பாடம்.

மிச்ச 10 நிமிடத்தில் கம்பீர நாட்டை மல்லாரியை (கோயில் புறப்பாட்டில் ஊதும் உருப்படி) மூன்று காலத்திலும் ஊதுங்கள், தாளம் குருவின் கையில் இருக்கட்டும். நீங்களே காலால் தட்டிக்கொண்டு ஊதினால், கஷ்டமான இடத்தில் காலும் சேர்ந்து பின்தங்கும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

குருவிடம் "கீர்த்தனை வேண்டாம்" என்று சொல்லிவிடாதீர்கள். "ஐயா, போன வாரம் காந்தாரம் சரியா விழலை, இன்னிக்கும் அதையே பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட சீடனிடம் கோபித்துக்கொள்ளும் வித்வான் அபூர்வம்.

பத்து சீவாளி வாங்கினால் இரண்டு, மூன்றுதான் பேசுகிறது. சில தார ஸ்தாயியில் கத்துகின்றன, சில மந்தரத்தில் வாயே திறப்பதில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது? வாங்கியதை எப்படிச் சரிசெய்வது?
– மாணவர், கும்பகோணம்

சீவாளிக்குப் பேர்போன திருவாவடுதுறை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நேரில் போய், உங்கள் கெண்டையை (சீவாளியைச் செருகும் உலோகக் குழல்) கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். காவிரிக் கரை நாணல் தட்டையில் செய்வது. ஒரே தட்டையில் வெட்டிய இரண்டு சீவாளிகூட ஒன்றுபோல் இருக்காது. பத்தும் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு.

வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டு இதழும் ஒரே அளவு வெளிச்சம் விட வேண்டும். ஒரு பக்கம் இருட்டுத் திட்டு தெரிந்தால் அந்த இடம் தடிமன். அதைச் சீர்செய்வது உங்கள் வேலை அல்ல, வைத்துவிடுங்கள். வாய்ப்பக்கம் இரண்டு ஓரமும் ஒரே சீராகச் சேர வேண்டும். பிறகு நனைத்து, அடிப்பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு மெல்ல ஊதுங்கள். ஓரத்திலோ நூல் கட்டிலோ காற்று கசிந்தால் அது மந்தர ஸ்தாயிக்கு ஆகாது.

நனைப்பதிலேயே பாதிப் பேர் கெடுத்துவிடுகிறார்கள். எச்சிலிலோ சுத்தமான தண்ணீரிலோ இரண்டு, மூன்று நிமிடம் போதும். காய்ந்திருந்தால் பேசாது. ஊறிப்போனால் வாய் அகன்று, காற்றை விழுங்கி, சுருதி இறங்கும். தண்ணீர் டம்ளரில் போட்டு மறந்துவிட்டு, "புதுச் சீவாளி கனமாக இருக்கிறது" என்று குறை சொல்பவர்கள் உண்டு.

தார ஸ்தாயியில் கத்தினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் உதட்டை. மேலே போகும்போது கடிக்கிறீர்களா என்று கண்ணாடியில் பாருங்கள். உதடு சரி என்றால் சீவாளியின் வாய் மிகவும் ஒட்டியிருக்கலாம். நனைந்த நிலையில், கெண்டைப் பக்கமிருந்து சீவாளி ஊசியை விட்டு மெல்ல விரியுங்கள். அதற்கும் கேட்கவில்லை என்றால் நுனி மெலிந்துபோயிருக்கிறது, அது போனதுதான்.

மந்தரம் பேசாவிட்டால் கதை தலைகீழ். வாய் அகலமாக இருக்கிறது அல்லது நுனி தடிமனாக இருக்கிறது. நனைந்த சீவாளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து 5 விநாடி அழுத்தி விடுங்கள், ஊதிப் பாருங்கள், மறுபடி அழுத்துங்கள். கத்தி கடைசி ஆயுதம். நுனியை வெட்டினால் சுருதி ஏறும். ஆனால் பின்னாலிருந்த தடித்த பகுதி நுனியாக வந்துவிடுவதால் ஊதவும் கடினமாகும். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்ததை ஒட்ட முடியாது.

சுருதிச் சிக்கலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். எல்லா ஸ்வரமும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்திருந்தால் கெண்டையை உலவுக்குள் (நாகசுரத்தின் மரக் குழாய்க்குள்) இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். அதில் சுற்றியிருக்கும் நூலில் ஒன்றிரண்டு சுற்றைக் குறைத்தால் இறங்கும். அளவுக்கு மீறி இறக்கினால் மேல் துளை ஸ்வரங்கள் அதிகமாக ஏறும், அடித் துளை ஸ்வரங்கள் அவ்வளவு ஏறாது, ஸ்தாயியே கோணிப்போகும். ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் எப்போதும் பிசகினால் கோளாறு சீவாளியில் இல்லை, துளையில். மெழுகு வைத்துத் திருத்துவார்கள். அதைக் குருவின் முன்னால் மட்டும் செய்யுங்கள்.

ஊதத் தயாராகக் குறைந்தது நான்கு சீவாளி எப்போதும் கையில் இருக்கட்டும். இரண்டு சாதகத்துக்கு, ஒன்று கச்சேரிக்கு அல்லது தேர்வுக்கு, ஒன்று புதிதாகப் பழக்குவதற்கு. பழகும் சீவாளியை முதல் சில நாள் 10 நிமிடத்துக்கு மேல் ஊதக் கூடாது. ஊதி முடித்ததும் காற்றில் உலர்த்தித்தான் டப்பாவில் வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாப்பிட்ட வாயோடு ஊதினாலும் சீக்கிரம் கெடும், கொப்பளித்துவிட்டு எடுங்கள். தோழருடைய சீவாளியை வாயில் வைக்காதீர்கள்.

வெற்றிலை போட்டால் சீவாளி நன்றாகப் பேசும் என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாக்கையே புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலையைச் சொல்லவே வேண்டாம். சீவாளிக்குத் தேவை ஈரம் மட்டுமே.

புல்லாங்குழலில் மத்திய ஸ்தாயி காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குப் போகும்போது ஒரு சின்ன வெடிப்பு கேட்கிறது. விரல்களை எவ்வளவு வேகமாக்கினாலும் போகவில்லை.
– மாணவி, மதுரை

வேகம் இதற்கு மருந்தல்ல. அந்தர காந்தாரத்துக்கு எல்லாத் துளையும் திறந்திருக்கும். அடுத்து வரும் சுத்த மத்யமத்துக்கு ஏழு விரலும் ஒரே சமயத்தில் மூட வேண்டும், காற்றும் அதே நொடியில் மேல் ஸ்தாயிக்கு மாற வேண்டும். எது பிந்துகிறது என்று வெடிப்பைக் கேட்டே சொல்லிவிடலாம். ஒரு கணம் மந்தர மத்யமம் கேட்டால் விரல் சரி, காற்று பிந்துகிறது. கீச்சென்றோ வேறொரு ஸ்வரமாகவோ கேட்டால் ஏதோ ஒரு துளை மூடவில்லை. பெரும்பாலும் வலது கைச் சுண்டு விரல் அல்லது மோதிர விரல்.

விரல் பிந்துகிறது என்றால் குழலை வாயில் வைக்காமலே பழகுங்கள்: விரல்களைத் துளைக்கு மேல் அரை அங்குலத்துக்குள் நிறுத்தி, ஏழும் சேர்ந்து விழும் 'டப்' சத்தம் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை. காற்று பிந்துகிறது என்றால் மத்யமத்தை மட்டும் தனியாக, மந்தரம் தலைகாட்டாமல் நேராக மேல் ஸ்தாயியில் எடுத்து 20 தடவை பழகிவிட்டு, பிறகு காந்தாரத்தோடு சேருங்கள். தனி வகுப்பில் குருவை உங்களுக்கு வலப்பக்கம் உட்காரச் சொல்லுங்கள். சுண்டு விரல் அங்கிருந்துதான் தெரியும்.

வீட்டில் சுருதி சரியாக நிற்கும் குழல், குளிரூட்டிய தேர்வு அறையில் இறங்கிவிடுகிறது. குழலை மாற்ற வேண்டுமா?
– மாணவர், சென்னை

வேண்டாம். காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறைகிறது, சுருதி இறங்குகிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 3 சென்ட். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். வீட்டில் 32 டிகிரி, அறையில் 22 டிகிரி என்றால் கணக்குப்படி 30 சென்ட் போகிறது. ஊத ஊத மூச்சுச் சூட்டில் கொஞ்சம் மீளும், முழுவதும் மீளாது.

அறைக்குள் நுழைந்ததும் குழலைப் பையிலிருந்து எடுத்து, எல்லாத் துளையையும் மூடி, சத்தம் வராமல் ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். பிறகு சுருதிப் பெட்டியைக் குழலுக்குச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். நுண்சுருதியைத் திருப்பும் வசதி மின்னணுப் பெட்டியில் உண்டு, தேர்வாளர்கள் மறுப்பதில்லை. சுருதிக்காகக் குழலை வெளிப்பக்கம் திருப்பி ஊதினால் ஏறும்தான், ஆனால் நாதம் மெலிந்து காற்றுச் சத்தம் கூடும். 5, 10 சென்டுக்கு அது போதும், 30-க்குப் போதாது. குளிர் அறையின் வறட்சியில் மூங்கில் விரிசல் விடும். ஊதி முடித்ததும் துடைத்துப் பையில் போட்டுவிடுங்கள்.

சாக்ஸபோன் வாசிக்கிறேன், கிளாரினெட்டும் சேர்த்துக் கற்க ஆசை. விரலடி ஒன்றுதானே?
– மாணவர், கோவை

ஒன்றல்ல. சாக்ஸபோனின் உள்துளை கீழே போகப் போக அகலும் கூம்பு. ஸ்தாயிச் சாவியை அழுத்தினால் அதே விரலடியில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே போகும். நாகசுரமும் கூம்புதான், அதிலும் மேலே ஒரு ஸ்தாயிதான். கிளாரினெட்டின் துளை ஏறக்குறைய நேர்க்குழாய், ஊதும் முனை மூடியது. அதனால் இடது கட்டைவிரல் சாவியை அழுத்தினால் ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேலே பஞ்சமத்தில் போய் நிற்கும். கீழே ஸட்ஜம் பேசிய விரலடி மேலே பஞ்சமம் பேசும். ஒரே ராகத்துக்கு இரண்டு விரலடிக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு கணக்கும் சந்திக்கும் இடத்தில்தான் தடுமாறுவீர்கள். சந்திப்புக்குச் சற்றுக் கீழேயுள்ள ஸ்வரங்களை ஊதும்போதே வலது கை விரல்களை மூடி வைத்திருங்கள். தாண்டும்போது புதிதாக மூட வேண்டிய விரல் குறையும். உதட்டுப் பிடி சாக்ஸபோனைவிட இறுக்கமாகவும், கருவி உடம்போடு இன்னும் ஒட்டியும் இருக்க வேண்டும். இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டு: சாக்ஸபோனில் விரல் படுவது மூடியின் மேல், கமகத்துக்கு (ஸ்வர அசைவுக்கு) உதட்டையே அதிகம் நம்ப வேண்டும். கிளாரினெட்டின் முக்கியத் துளைகளில் விரல் நேரே படுவதால் வழுக்கி எடுக்கலாம்.

கல்லூரி ஆசிரியர் ஒரு பாடாந்தரம் (ஒரே உருப்படியைப் பாடும் மரபு வழி), வெளியே குரு வேறு பாடாந்தரம். யார் சொல்வதைக் கேட்பது?
– மாணவி, சிதம்பரம்

தேர்வில் கல்லூரிப் பாடாந்தரம். கச்சேரியில் குருவின் பாடாந்தரம். ஒரே உருப்படியை இருவரிடமும் கற்காதீர்கள், சங்கதிகள் கலந்துபோகும். வெளியே போவதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றாம் ஆள் மூலம் தெரிந்தால்தான் மனத்தாங்கல்.

யாழ்ப்பாணத்தில் நாகசுரம் படிக்கிறேன். தஞ்சைப் பக்கத்து வித்வான் ஒருவரிடம் இணையவழியில் கற்கிறேன். நான் நீட்டி ஊதினால் அவருக்கு விட்டு விட்டுக் கேட்கிறதாம், சுருதி கேட்பதே இல்லையாம்.
– மாணவர், யாழ்ப்பாணம்

செயலி உங்கள் கார்வையையும் சுருதியையும் மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து வெட்டுகிறது. இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, ஸூம் என்றால் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போடுங்கள். இதை அங்கே குருவும் தம் கருவியில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவர் ஊதுவது உங்களுக்கு அறுந்து கேட்கும்.

கைபேசியை அணசுக்கு (நாகசுரத்தின் கீழ்முனைப் புனலுக்கு) நேரே வைக்காதீர்கள், ஒலிவாங்கி திணறிக் கரகரக்கும். 6 முதல் 8 அடி தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். சுருதி இருவர் வீட்டிலும் தனித்தனியாக ஓடட்டும். ஒலி போய்ச் சேரப் பிந்துவதால் சேர்ந்து ஊதுவதும், அவர் தாளத்துக்கு நீங்கள் ஊதுவதும் நடக்காது. ஆகவே மல்லாரி, பல்லவி போன்ற லய வேலையை இணையத்தில் வைக்காதீர்கள். அதைப் பக்கத்திலுள்ள தவில்காரரோடு உட்கார்ந்து செய்யுங்கள், யாழ்ப்பாணத்தில் அதற்குக் குறைவில்லை. இணைய வகுப்பை ராகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாதத்தைக் குரு எடைபோட வேண்டுமானால் வகுப்புக்கு முந்தின நாளே 5 நிமிடம் பதிவு செய்து கோப்பாக அனுப்புங்கள். நேரலையில் வரும் ஒலியை வைத்து நாதத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மகள் நாகசுரம் இரண்டாம் ஆண்டு. பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டும் என்கிறார் மருத்துவர். வாசிப்பு கெடுமா? பெண்ணுக்கு இந்த மூச்சு கட்டுமா என்றும் உறவினர்கள் கேட்கிறார்கள்.
– தாய், திருநெல்வேலி

இரண்டாவதற்கு முதலில் பதில்: மதுரை எம்.எஸ்.பொன்னுத்தாயி வாசித்தார், காலீஷாபி மெஹபூப் வாசிக்கிறார். உறவினர்களைக் கச்சேரி கேட்கச் சொல்லுங்கள்.

கம்பி கட்டுமுன் கருவியைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். நாகசுரத்தில் சீவாளி உதடுகளுக்கு நடுவே இருக்கும், பல் படாது. ஆனால் உதட்டின் உள்பக்கம் கம்பியில் உரசிப் புண்ணாகும். அதற்கென்றே மெழுகு தருவார்கள், ஊதுமுன் ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் சில வாரம் தார ஸ்தாயியை விட்டுவிட்டு மத்திய ஸ்தாயிக் கார்வை மட்டும், 10 நிமிடம் ஊதி 10 நிமிடம் ஓய்வு. கம்பியை இறுக்கும் நாளில் ஊத வேண்டாம். கழற்றும் தேதியைத் தேர்வுக்கோ அரங்கேற்றத்துக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள், கழற்றிய பிறகும் உதடு புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

விடுதியில் நாகசுரம் எடுத்தாலே சண்டை. கல்லூரிச் சாதக அறை சின்னது, இரண்டு பேர் ஊதினால் காது இரைகிறது.
– மாணவர், திருவாரூர்

காது இரைந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். சின்ன அறை, வெறும் சுவர், பக்கத்தில் தவில் என்றால் அந்த வரம்பு சீக்கிரம் வந்துவிடும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் எல்லா ஸ்வரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைக்கும். பஞ்சு வைத்தால் மேல் ஒலி மட்டும் மங்கி, நாதம் மாறிக் கேட்டு, அதைச் சரிக்கட்ட இன்னும் பலமாக ஊதுவீர்கள். கதவைத் திறந்து வையுங்கள், ஒருவர் ஊதும்போது மற்றவர் தாளம் போடட்டும். இந்தக் கருவி தெருவுக்கும் பிராகாரத்துக்கும் பிறந்தது; வயல்வெளியோ ஆற்றங்கரையோ நடக்கும் தூரத்தில் இருந்தால் விடியற்காலைச் சாதகத்தை அங்கே வைத்துக்கொள்வதே நல்லது.

விடுதி நேரத்துக்கும் வேலை உண்டு. ஊதாமல் விரலை மட்டும் ஓட்டி, வாயால் ஸ்வரம் பாடி, கையால் தாளம் போட்டு வர்ணத்தை மூன்று காலத்திலும் முடியுங்கள். துத்துகாரத்தை நாக்கால் மட்டும், ஒலியில்லாமல், தாளக்கருவிச் செயலியோடு வேகம் கூட்டிப் பழகலாம். பல்லவிக்குக் கணக்கு எழுதுவது, முத்தாய்ப்புகளை வாயால் சொல்லிச் சரிபார்ப்பது எல்லாமே சத்தமில்லாத வேலைதான். நிரவலை (ஒரே வரியை ராகத்தில் விரித்து விரித்துச் சொல்வதை) பாடிப் பாருங்கள். பாட வராத நிரவல் குழாயிலும் வராது.